திரையில் பெய்யும் பனி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் திரையில் பனி பெய்ய வைப்பது எப்படி என்று பேசப் போகிறேன். நம்ம ஊர் மார்கழிப் பனி அல்ல. மணாலியில் பஞ்சு பஞ்சாகக் கொட்டுமே, அந்தப் பனி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்காதீர்கள். நம் முதலாண்டு பௌதிகம் இதில்தான் ஒளிந்திருக்கிறது.

1982-ல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக் 2' படத்தில் ஒரு கிரகம் முழுக்கத் தீ பரவும் காட்சி வரும். லூகாஸ்ஃபிலிமில் இருந்த வில்லியம் ரீவ்ஸ், அந்தத் தீயை ஒரே உருவமாக வரையாமல் ஆயிரக்கணக்கான துகள்களாகப் பிரித்தார். ஒவ்வொரு துகளுக்கும் இடம், வேகம், நிறம், அளவு, ஆயுள். அவ்வளவுதான்! 1983-ல் அந்த முறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

இன்று டிஎஸ்பார்ட்டிகிள்ஸ் போன்ற லைப்ரரியில் எண்ணிக்கை, அளவு, திசை, வேகம் கொடுத்தால் சில வரிகளிலேயே பனி கொட்டும். ஆனால் கீழே விழுவதுதானே என்று புவியீர்ப்பையும் சேர்த்துவிட்டால், ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். ஏன்?

காற்றே இல்லை என்றால், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பனிச்செதிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. காற்றின் தடை அதன் எடையைச் சமன் செய்துவிடுகிறது. பரீட்சைக்கு நெட்டுருப் போட்டோமே டெர்மினல் வெலாசிட்டி, அதுதான் இது!

ஆகவே முடுக்கம் வேண்டாம். சீரான வேகம் கொடுங்கள். பக்கவாட்டில் மெல்ல ஆட ஒரு சைன் அலை சேருங்கள். கிட்டே இருப்பது பெரிதாக, வேகமாக; தூரத்தில் இருப்பது சிறிதாக, மெதுவாக, மங்கலாக. கீழே போன துகளைத் திரும்ப மேலே அனுப்புங்கள். 200 துகள்களே ஓயாத பனியாகிவிடும். நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லிசெகண்ட் சொச்சம்தான். விலை குறைந்த போனும் அதைத் தாங்க வேண்டும். அசைவைப் பார்த்தால் தலைசுற்றுபவர்கள், அசைவைக் குறைக்கும்படி போனில் அமைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பனியை நிறுத்திவிடுவதுதான் மரியாதை.

தம்பி தங்கைகளே, லைப்ரரிகள் மாறிக்கொண்டே இருக்கும். நாளைக்கு வேறொன்று வரும். அதில் எந்த எண்ணைப் போடுவது என்பதை இந்த வகுப்பறையில்தான் கற்க முடியும். பௌதிக வகுப்புக்கு மட்டும் கட் அடிக்காதீர்கள்!