கிரனாடாவின் புகார்க் கணக்கு



ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாப் பகுதியில் இருக்கிறது கிரனாடா மாகாணம். அல்ஹம்பிரா அரண்மனையைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. ஆனால் குடும்ப வன்முறை என்று பேச்சு எடுத்தால், ஸ்பெயின் மக்களுக்கு அதே மாகாணத்தின் குயார் வேகா என்ற சிற்றூர்தான் நினைவுக்கு வரும்.

அங்கே வாழ்ந்தவர் ஆனா ஓரந்தெஸ். 1997 டிசம்பர் 4-ஆம் தேதி, தம் அறுபதாவது வயதில், கனால் சூர் தொலைக்காட்சியில் தோன்றி, கணவனிடம் நாற்பது ஆண்டுகள் வாங்கிய அடிகளைச் சொன்னார். பலமுறை புகார் கொடுத்திருந்தார். குடும்பத்தில் சகஜமான சண்டை என்பதே கிடைத்த பதில். மணவிலக்கு கிடைத்தது, ஆனால் வீட்டை நீதிமன்றம் பங்குபோட்டது: மாடியில் அவர், கீழ்த்தளத்தில் அந்த ஆள். நினைத்துப் பாருங்கள், யாரிடமிருந்து தப்பினாரோ அவனையே தினமும் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தொலைக்காட்சியில் பேசிப் பதின்மூன்று நாள் கழித்து அந்த வீட்டிலேயே அவரைத் தீவைத்துக் கொன்றான்.

நாடே கொதித்தது. 1999-இல் சட்டம் திருத்தப்பட்டு, மனரீதியான கொடுமையும் குற்றமானது. 2004-இல் பாலின வன்முறைக்கு எதிரான முழுமையான சட்டத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. மறு ஆண்டே தனி நீதிமன்றங்கள் வந்தன. பின்னர், உதவி கேட்க 016 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் வந்தது. அதில் பேசினால் தொலைபேசிக் கட்டண ரசீதில் தெரியாது. கணவன் ரசீதைப் பார்ப்பான் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். ஸ்பெயின் முழுவதிலும் 2007-இல் ஏறத்தாழ 1,26,000 புகார்கள் பதிவாயின. 2023-இல் அது 2 லட்சத்தை நெருங்கியது. அடி கூடிவிட்டதென்று பதறத் தோன்றும். ஆனால் கணவன் அல்லது காதலன் கையால் இறந்த பெண்கள் 2008-இல் 76 பேர்; 2023-இல் 58 பேர். அதனால் புகார் கூடியதில், வாய்திறக்கும் துணிச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். கொல்லப்பட்டவர்களிலோ ஏறக்குறைய நான்கில் மூவர் புகாரே கொடுத்ததில்லை. எனக்குக் கவலை தருவது அந்தப் பதிவாகாத வீடுகள்தான்.

பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கும் குற்றமும் இப்படித்தான் நெடுநாள் மறைந்து கிடந்தது. கிரனாடாவில் சிறார் நீதிபதியாகப் பணியாற்றிய எமிலியோ கலத்தாயுத் இதைப் பொதுமேடைகளில் ஓயாமல் பேசியவர். பதினைந்து வயது மகன்மேல் புகார் எழுத எந்தத் தாய்க்குத்தான் கை வரும்? ஸ்பெயினில் பதினான்கு முதல் பதினேழு வயதுவரை சிறார் சட்டம் பொருந்தும். அடைத்துவைப்பது ஒன்றே வழியில்லை. பயிற்றுநர்கள் நடத்தும் இல்லத்தில் பையனைச் சில காலம் தங்கவைக்கவும் நீதிபதி உத்தரவிடலாம். அங்கிருந்தே அவன் பள்ளிக்குப் போவான். பெற்றோரையும் அழைத்து, அவன் திரும்பிவரும் நாளுக்காக அவர்களோடும் பேசுகிறார்கள்.