இசைமுரசு நாகூர் ஹனீபா: ஒரு குரலும் இரண்டு பற்றுகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் பிறந்து, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8இல் இந்தச் சென்னை மாநகரில் மறைந்தவர் அன்னார். 2025ஆம் ஆண்டுடன் அவர் பிறந்து நூறாண்டுகள் நிறைந்தன.

நாகூர்க்காரரை இராயபுரத்தில் ஏன் நினைவுகூர வேண்டும் என்று கேட்கலாம். தீன் தமிழை இசையோடு பாடும் மரபு நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, இங்கே வந்து வாழ்ந்து, 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் அடங்கியிருப்பது இந்த இராயபுரம் மண்ணில்தான். தொண்டியிலிருந்து வந்த அந்தப் பெரியவரால்தான் தொண்டியார்பேட்டை என்ற பெயரே வந்தது என்பார்கள். அவர் பாடிய தமிழுக்கும் ஹனீபா பாடிய தமிழுக்கும் நடையிலே வேற்றுமை உண்டு. ஆயினும், எழுத்தறியாத ஏழையின் செவிக்கு இறைவன் பெயரைக் கொண்டு சேர்த்த பணியிலே இருவரும் ஒரு வழியினர்.

ஹனீபா அவர்கள் குருவிடம் அமர்ந்து முறையாக இசை பயின்றவர் அல்லர். இளமையிலேயே நாகூர்த் திருமண வீடுகளிலும் மாப்பிள்ளை ஊர்வலங்களிலும் பாடிப் பாடிப் பழக்கிய குரல் அது. ஒலிபெருக்கியையே அதிர வைத்த அந்த உச்சக் குரல், இசைத்தட்டுக் காலத்தையும் கடந்தது. ஒலிநாடாக் காலத்தையும் கடந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்பியவர்களும், பத்ருப் போர்க்களத்தையும் பிலால் (ரலி) அவர்களின் பொறுமையையும் ஏட்டைப் படித்து அறிந்ததைவிடப் பாட்டைக் கேட்டு அறிந்ததே மிகுதி. திரைப்படத்திலும் அவர் பாடினார். 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடியதை அறியாதார் இலர். எனினும் அவரது வாழ்வு மேடையில்தான் இருந்தது.

அவரது மற்றொரு பற்று இயக்கப் பற்று. இது அரசியல் மேடை அன்று. நம் ஜமாஅத்தில் எல்லாக் கட்சியினரும் உண்டு. எனவே வரலாற்றை மட்டும் சொல்கிறேன். 1949 செப்டம்பர் 17இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம், மறுநாள் கொட்டும் மழையில், நம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் நடைபெற்றது. அந்தக் கழகத்தின் மேடைகளில் பேச்சாளர் வருவதற்கு முன்பே கூட்டத்தைத் திரட்டி வைத்தது ஹனீபாவின் குரல். அண்ணாவைப் பற்றிய பாடலைப் பதிவு செய்ய இசைத்தட்டு நிறுவனம் தயங்கியபோது, "அதைப் பதியாவிட்டால் மற்றப் பாடல்களையும் பாடமாட்டேன்" என்று அவர் நின்றதாகப் பலரும் சொல்லி வந்திருக்கின்றனர்.

1957இல் நாகப்பட்டினத்திலும் 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் நின்று தோற்றார். சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்தார். 1972இல் இயக்கம் பிளந்தபோதும் அவர் இடம் மாறவில்லை. வெற்றியைக் கண்டு ஒட்டியவர் அல்லர். தோல்வியைக் கண்டு விலகியவரும் அல்லர். அதே வேளையில், கட்சி மேடைக்காகத் தம் மார்க்க அடையாளத்தைக் களைந்தவரும் அல்லர். இரண்டு பற்றுகளையும் ஒளிவுமறைவின்றி ஒரே குரலில் சுமந்தார். தொழுகையாளியாகவும் இருக்கலாம், ஊர்ப் பொதுவாழ்வில் தோளோடு தோள் நிற்கும் தோழனாகவும் இருக்கலாம் என்பதற்கு வாழ்ந்து காட்டிய சான்று அவர்.

அன்பிற்குரியவர்களே! இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். "இசைக்கருவியோடு பாடியவரையும், தர்காக்களைப் புகழ்ந்து பாடியவரையும் பள்ளிவாசல் விழாவில் நினைவுகூரலாமா?" என்று நம் இளைஞர்களில் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது மார்க்கப் பேணுதலால். அதை நான் மதிக்கிறேன். இசைக்கருவி பற்றிய சட்டத்தை உலமாப் பெருமக்கள் சொல்லட்டும். அது என் வேலையன்று. ஆனால் ஒருவரின் எல்லாப் பாடலையும் ஏற்பது வேறு. அவர் செய்த நன்மைக்கு நன்றி கூறுவது வேறு. கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலே மிம்பர் அமைத்துக் கொடுத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நற்சொல்லை உரத்துச் சொல்லும் நாவுக்கு நம் மார்க்கத்தில் மதிப்பு உண்டு என்பதற்கு இது போதும். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலைச் சமயம் கடந்து பிற சகோதரர்களும் விரும்பிக் கேட்கிறார்களே! நாம் செய்யாத தஃவாவை அந்த ஒரு பாடல் செய்திருக்கிறது.

இன்னொன்று. பாடியவரை அறிந்த நாம் எழுதியவரை அறியோம். அந்தப் பாடலை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்ற கவிஞர்கள் அவருக்கு எழுதித் தந்தார்கள். ஹார்மோனியமும் தபேலாவும் வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் யாருக்கும் தெரியா.

நம் ஜமாஅத்திலும் அப்படித்தான். மீலாது ஊர்வலத்திலும் நிக்காஹ் வீடுகளிலும் கூலி கேளாமல் பைத்து ஓதியவர்கள், ரமலான் ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாகப் பாடி எழுப்பியவர்கள் நம் மஹல்லாவில் வாழ்ந்தார்கள். சந்தா ஏட்டில் அவர்கள் பெயர் இருக்கும். அவர்கள் செய்த பணி இராது. பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, பெயர்களையும் அவர்கள் ஓதிய பைத்துகளையும் எழுதி வைக்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஒலிநாடாக்களை எறிந்துவிடாமல் கொண்டு வந்து கொடுங்கள். அவற்றைக் கைப்பேசியில் ஏற்றித் தரும் திறமை நம் இளைஞர்களுக்கு உண்டு. கேள்வி கேட்ட இளைஞர்களே அந்தப் பணிக்கு முன்வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.

மர்ஹூம் ஹனீபா அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்று, பிழைகளைப் பொறுத்து, மஃபிரத் அருள்வானாக! நம் மஹல்லாவில் பெயர் தெரியாமல் மறைந்த பாவலர்கள், பாடகர்கள் அனைவருக்கும் அவ்வாறே அருள்வானாக! ஆமீன்.

வஆகிர் தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.