ஃபுதாய் ஊர்த் தலைவர் கட்டிய மதகு



ஜப்பானின் வடகிழக்கில், இவாத்தே மாநிலத்தில், ஃபுதாய் என்று ஒரு மீனவ கிராமம் இருக்கிறது. ஜனத்தொகை மூவாயிரத்துக்குள்தான். மீனும் கடற்பாசியும்தான் பிழைப்பு. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆறு, அதை ஒட்டி வீடுகள், பள்ளிக்கூடம், ஆறு கடலில் விழும் இடத்தில் மணல்வெளி. அவ்வளவுதான் ஊர்.

இந்த ஊருக்கு 1947 முதல் 1987 வரை, தொடர்ந்து நாற்பது வருடம், கோத்தோகு வாமுரா என்பவர் தலைவராக இருந்தார். நம் ஊராட்சித் தலைவர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. 1933இல் சுனாமி வந்தபோது அவர் இருபது வயதைத் தாண்டிய இளைஞர். மண்ணுக்குள் புதைந்து கிடந்த உடல்களைத் தோண்டி எடுப்பதைப் பார்த்து வாயடைத்து நின்றதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன் 1896இலும் ஒரு சுனாமி. இரண்டிலும் சேர்த்து அந்தச் சின்ன ஊரில் செத்தவர்கள் 439 பேர்.

1896 அலை 15 மீட்டர் உயரம் வந்தது என்பது அந்த ஊரில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வந்த கணக்கு. வாமுரா அதைக் கிழவர்களின் மிகைப்பேச்சு என்று தள்ளிவிடவில்லை. 1967இல் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது. உயரம் பதினைந்தரை மீட்டர், அதாவது ஐம்பது அடிக்கு மேல். அதோடு விட்டிருந்தால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆற்றின் குறுக்கேயும் அதே உயரத்தில் ஒரு மதகு வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் வில்லங்கம் வந்தது.

இவ்வளவு உயரம் எதற்கு, பத்து மீட்டர் போதாதா என்று கேட்டார்கள். நிலம் கொடுக்க வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு சின்ன ஊருக்கு 356 கோடி யென் செலவா என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. பணம் பெரும்பாலும் மாநில அரசும் மத்திய அரசும் கொடுத்ததுதான். ஆனாலும் கேட்டு வாங்கியதும், உள்ளூரில் ஏச்சு வாங்கியதும் இவர்தான். உயரத்தில் மட்டும் ஒரு அடி இறங்கி வரவில்லை. 1984இல் மதகு முடிந்தது. நீளம் 205 மீட்டர். மூன்று வருடம் கழித்து அவர் பதவியை விட்டார், 1997இல் காலமானார். அதுவரை அந்த உயரத்துக்கு வேலை வைக்கும் அலை ஒன்றுகூட வரவில்லை.

வந்தது 2011 மார்ச் 11 அன்று.

பூமி அதிர்ந்ததும் மதகின் நான்கு பெரிய கதவுகளையும் தூரத்திலிருந்தே விசையை இயக்கி இறக்கினார்கள். பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவுகள் மட்டும் சிக்கிக்கொண்டன. கடல் எந்த நிமிடம் வரும் என்று தெரியாத அந்த நேரத்தில், தீயணைப்பு வீரர் ஒருவர் கீழே ஓடிப்போய் அவற்றைக் கையாலேயே மூடினார். வந்த அலை மதகின் உச்சியையும் தாண்டி எகிறியது. ஆனால் தாண்டி விழுந்த தண்ணீரில் வேகம் இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. மதகுக்கு வெளியே இருந்த துறைமுகம் சின்னாபின்னமாகிவிட்டது. உள்ளே ஒரு உயிர்கூடப் போகவில்லை. தன் படகு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன ஒருவரை மட்டும் காணவில்லை. அதன் பிறகு வாமுராவின் கல்லறைக்குப் போய் ஊரே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டது.

அப்படியானால் சுவர் கட்டினால் பிழைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கே அதே கடலோரத்தில் தாரோ என்று ஓர் ஊர். 1896இல் 1,859 பேரையும் 1933இல் 911 பேரையும் பறிகொடுத்த ஊர். அந்த ஊர் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 1934லேயே கடன் வாங்கிச் சுவர் வேலையைத் தொடங்கியது. நாளடைவில் கடலோரம் புதிய சுவரும் சேர்ந்து இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது. உயரம் பத்து மீட்டர். உலகம் முழுவதிலும் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நம்பிக்கையில், பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவிலேயே வீடுகள் முளைத்தன. 2011இல் கடலோரம் இருந்த சுவர் உடைந்து, ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள்.

இரண்டு ஊருக்கும் ஐந்தரை மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மதகு நின்ற இடம். ஃபுதாயில் அதைக் கடலின் முகத்தில் கட்டவில்லை. ஆற்றின் வழியே கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். மணல்வெளியையும் மரங்களையும் கடந்து வருவதற்குள் அலைக்குப் பாதி மூச்சு வாங்கிவிட்டது. துறைமுகம் போனால் போகட்டும், வீடுகள் உள்ளே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த கணக்கு அது. மீனவர் ஓட்டில் ஜெயிக்கும் ஒரு தலைவர் அப்படி முடிவெடுப்பது லேசுப்பட்டதல்ல.

நமக்கு சுனாமி என்ற சொல்லே 2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான் பழகியது. நாகை மாவட்டம் நாலுவேதபதியில் அதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரே நாளில் எண்பதாயிரத்துக்கும் மேலான கன்றுகளை நட்டார்கள். கின்னஸ் சாதனைக்காக நட்டது அது. அந்தத் தோப்புதான் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு ஊரைக் காத்தது. நல்லவேளை, சாதனைக்கு நட்ட மரத்தை யாரும் வெட்டவில்லை!

ஃபுதாயில் பெரியவர்கள் வாயில் இருந்த ஓர் அளவு, ஊர்த் தலைவர் கையில் கட்டுமானத்துக்கான அளவாக மாறியது. நம் ஊர்களிலும் அப்படி அளவுகள் உண்டு. எந்த வருடம் ஏரி உடைத்துக்கொண்டது, கோயில் படியில் எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறியது, எந்தத் தெரு வழியாக வெள்ளம் உள்ளே வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அன்று கிராம சபை கூடும், வடகிழக்குப் பருவமழையும் அப்போது தொடங்கியிருக்கும். இந்த முறை உங்கள் வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சொல்லும் அந்தத் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.