எந்தப் படத்தை எந்தத் தெருவில் போடுவது?

(நாவலூரில் திரைப்பட விழா நடத்த முன்வந்திருக்கும் இளைஞர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று நாள் விழாவுக்குப் படங்களைப் பரிந்துரைக்கச் சொன்னீர்கள். ஐந்து படங்களோடு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் எங்கே போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். அதற்குக் காரணம் பி.கே. ரோசி.

தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. உங்களில் சிலர் போயிருப்பீர்கள். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி ரோசி, புலையர் சமூகத்தில் பிறந்தவர். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற பேசாப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, ரோசி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதிப் பெரிய மனிதர்கள். அவர் நடித்த படத்தின் முதல் காட்சியில் அவருக்கே இடமில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையின் மீது கல்லெறிந்தார்கள். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். ரோசி தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை.

கவனியுங்கள், திரையில் ரோசி இருந்தார். பார்வையாளர் இருக்கைகளில் அவரை விடவில்லை. திரையில் நம்மைக் காட்டினால் போதும் என்று பேசுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் தடுத்தார்கள். காணொளி பரவியது, கண்டனம் எழுந்தது, பிறகு உள்ளே விட்டார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ், குழந்தைகளோடு வந்ததால் நிறுத்தினோம் என்று விளக்கமும் கொடுத்தார்கள். அந்த விளக்கத்தை நம்பியவர்கள் எத்தனை பேர்?

சரி, படங்களுக்கு வருவோம்.

முதலில், திவ்யபாரதியின் 'கக்கூஸ்', 2017. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிய ஆவணப்படம். அப்போது பல ஊர்களில் காவல்துறை இதைத் திரையிட விடவில்லை. இயக்குநரையே ஒரு பழைய வழக்கில் கைது செய்தார்கள். இதைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போடலாம் என்பது உங்கள் யோசனை. தயவுசெய்து வேண்டாம். நகரத்திலிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்ட மக்களில் எத்தனையோ பேர் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத எதை நாம் காட்டப்போகிறோம்? இந்த ஓ.எம்.ஆர். சாலையில் கழிவுநீர் லாரி யார் வீட்டிலிருந்து கிளம்புகிறதோ, அங்கே போடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தில் கம்யூனிட்டி ஹாலைக் கேளுங்கள். 2013 சட்டம் இதைத் தடைசெய்திருக்கிறது, 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது என்று படம் முடிந்ததும் சொல்லுங்கள். ஹால் தர மறுத்தால் அதையும் விழா மேடையில் சொல்லுங்கள்.

அடுத்து, நீரஜ் கய்வானின் 'கீலி புச்சி', 2021. 'அஜீப் தாஸ்தான்ஸ்' தொகுப்பில் வரும் குறும்படம். தொழிற்சாலையில் வேலை செய்யும் தலித் பெண் பாரதிக்குத் தகுதி இருந்தும் அலுவலக வேலை கிடைக்காது, பார்ப்பனப் பெண்ணுக்குக் கிடைக்கும். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டில் பாரதிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் டீ வரும். இரட்டைக் குவளை கிராமத்து டீக்கடையோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஐ.டி. ஊழியர்களுக்கும், இங்கே விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கும் இதைப் போடுங்கள்.

அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா', 2017. இறந்த தகப்பனின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக ஒரு மகன் நீதிமன்றம் வரை போகிறான். உத்தரவு கிடைக்கிறது, பாதை கிடைக்கவில்லை. சுடுகாட்டுக்குத் தனிவழி வைத்திருக்கும் ஊர் எதுவோ, அந்த ஊரின் பொதுத்தெருவில் போடுங்கள்.

அப்படியானால் செம்மஞ்சேரிக்கு என்ன? இரண்டு படங்கள். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி', 2013. பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜப்யா காதலிக்கிறான், கனவு காண்கிறான், அவமானப்படுகிறான். கடைசியில் அவன் எறியும் கல் நேராகப் பார்வையாளரை நோக்கி வரும். ரோசி மீது விழுந்த கற்களுக்குப் பிறகு, நம் பக்கத்திலிருந்து போன ஒரு கல். இதைப் பிள்ளைகளோடு பாருங்கள். மராத்திப் படம் என்பதால், ஆங்கில எழுத்தை நம்பாமல், மைக்கில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வரட்டும்.

அடுத்தது ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்', 2011. 1997இல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. பத்து பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தில் பாடகர் விலாஸ் கோக்ரே தன்னையே மாய்த்துக்கொண்டார். ஆனால் நீளமான இந்தப் படம் முழுக்கப் பாட்டு. வலியைத் தெரிந்த மக்களுக்கு, அந்த வலியைப் பாட்டாக்கி எதிர்த்து நின்றவர்களைக் காட்டுவோம். இரண்டு மாலைகளாகப் பிரித்துப் போடுங்கள். நடுவில் நம் ஊர்ப் பறையிசைக் குழுவும் கானா பாடுகிறவர்களும் மேடையேறட்டும்.

இயக்குநர்களுக்கும் உரிமை வைத்திருப்பவர்களுக்கும் இப்போதே எழுதி அனுமதி வாங்குங்கள். வேலைக்குப் போன பெண்கள் வீடு திரும்பிச் சமையலை முடித்த பிறகு படத்தைத் தொடங்குங்கள். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காதீர்கள். படம் முடிந்ததும் மைக்கை என்னைப் போன்ற ஆய்வாளர்களிடம் கொடுக்காமல் பார்த்தவர்களிடம் கொடுங்கள்.

முதல் நாளைச் செம்மஞ்சேரியில் வையுங்கள். நாற்காலி இறக்க நானும் வருகிறேன்.