ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்கள்: மும்பையும் புனேயும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பைக்கும் புனேக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். நடுவே சகியாத்திரி மலையின் போர் காட் கணவாய். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பைப் பெருநகரத் திரளில் 1 கோடியே 84 லட்சம் பேரும், புனேயில் சுமார் 50 லட்சம் பேரும் வாழ்ந்தனர். இவ்விரு நகரங்களையும் ஒப்பிடுவோர் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மும்பை பணத்தின் நகரம், புனே கல்வியின் நகரம். மும்பையின் ஆலைகளைச் செங்கொடிச் சங்கங்கள் மூடவைத்தன. படிப்பும் கட்டுப்பாடும் மிகுந்த புனே முன்னேறியது. இக்கதை முதலாளிகளின் மேடைகளில் மட்டுமன்று, நம் ஆதரவாளர் சிலரின் வீடுகளிலும் ஒலிக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் அடையாளம் பற்றி. புனே என்றதும் பேஷ்வாக்களையும் சனிவார் வாடாவையும் நினைப்பது வழக்கம். ஆனால் பெண்களுக்கான பள்ளியை ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் திறந்ததும் அதே ஊரில்தான். 1873இல் சத்தியசோதக் சமாஜம் தோன்றியதும் அங்கேதான். அந்தச் சமாஜத்தின் ஊழியரான நாராயண் மேகாஜி லோகண்டேதான் 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் கண்டார். ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890இல் கிடைத்தது அந்த முயற்சியின் பயன். சாதி எதிர்ப்பின் விதை கணவாயின் மேலிருந்து கீழிறங்கி, தொழிற்சங்கமாக முளைத்தது என்பது நம் வகுப்புகளில் போதிய அளவு சொல்லப்படாத செய்தி.

1908இல் புனேயின் திலகருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாளாகக் கணக்கிட்டு ஆறு நாள் வேலையை நிறுத்தியவர்கள் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள். அந்தப் போராட்டத்தில் இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் அரசியல் விழிப்பைக் கண்டு லெனின் எழுதினார். திலகரின் சமூகப் பார்வையில் இருந்த பழமையை இங்கே மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளர்கள் அவருக்காக எழுந்தனர் என்பதும் அவரைத் தாண்டிச் சென்றனர் என்பதும் ஒருசேர உண்மை. 1928இல் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதம் நடத்திய வேலைநிறுத்தத்தில் கிர்ணி காம்கார் சங்கம் பிறந்தது. மராட்டியில் 'கிர்ணி' என்றால் ஆலை. ஆலைகள் சூழ்ந்த பரேல், லால்பாக் பகுதிகளுக்கு 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், என்று பெயர். கோடீஸ்வரர்களின் நகரத்துக்குள் தொழிலாளர்கள் தமக்கென ஓர் ஊரையே வைத்திருந்தனர். வாட்டேகாவ் கிராமத்திலிருந்து நடந்தே வந்த அண்ணாபாவ் சாட்டே எழுத்தாளரானது அந்தச் சூழலில்தான். சம்யுக்த மகாராஷ்டிர சமிதி 1956இல் புனேயில் அமைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடுகளுக்குப் பெருமளவில் பலியானவர்கள் மும்பையின் உழைப்பாளிகள். மாநிலம் உதயமானது 1960ஆம் ஆண்டு மே நாளன்று.

இனி வளர்ச்சி. புனேயின் தொழில் வளம் பேராசிரியர்களின் வகுப்பறைகளிலிருந்து மட்டும் வந்ததன்று. கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இலேயே வந்துவிட்டது. பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் 1954இல் எழுந்தது. 1962இல் மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அது விவசாயிகளின் நிலத்தை எடுத்து, நீரும் சாலையும் மின்சாரமும் சேர்த்து ஆலை முதலாளிகளுக்கு அளித்தது. மும்பையில் புதிய ஆலைகளுக்குக் கட்டுப்பாடு, வெளியே செல்வோருக்குச் சலுகை என்பது அரசின் கொள்கை. நெரிசலைக் குறைப்பது அதன் வெளிப்படையான நோக்கம். மூலதனத்துக்கோ, சங்க அனுபவம் மிகுந்த மும்பைத் தொழிலாளியிடமிருந்து விலகி, கிராமத்திலிருந்து புதிதாக வந்த இளைஞனை மலிவாகப் பெறும் வாய்ப்பும் அதில் கிடைத்தது. டெல்கோவும் பஜாஜும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் வட்டாரத்தில் வேரூன்றின.

ஆனால் ஆலை வந்த இடத்தில் சங்கமும் வந்தது. 1989இல் டெல்கோ தொழிலாளர்கள் சனிவார் வாடா முன்பு உண்ணாவிரதம் இருந்தபோது, போலீஸ் விடியுமுன் புகுந்து அவர்களை அப்புறப்படுத்தியது. 'கட்டுப்பாடு மிகுந்த புனே' என்னும் கதையில் அந்த விடியற்காலைக்கு இடமில்லை.

மும்பையில் என்ன நடந்தது? 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டம் ஒரே ஒரு சங்கத்துக்கு மட்டுமே பேச்சுவார்த்தை உரிமை அளித்தது. தொழிலாளர்கள் கைவிட்டுவிட்ட சங்கம் அது. அந்தச் சட்டமே போராட்டத்தின் மையக் கேள்வியாயிற்று. முதலாளிகளோ துணியைப் பிவண்டியின் விசைத்தறிகளில் நெய்வித்துக்கொண்டு காத்திருந்தனர். அவர்களால் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம் ஆலையின் அடியில் கிடந்த நிலம். சுமார் 600 ஏக்கர் நிலம், நகரின் நடுவில். 1991ஆம் ஆண்டு விதி, ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என வகுத்தது. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் நிற்காத காலி நிலத்துக்கு மட்டுமே அப்பங்கீடு பொருந்தும் என்றனர். உச்ச நீதிமன்றம் 2006இல் அதை ஏற்றது. ஃபீனிக்ஸ் மில் வணிக வளாகமாயிற்று. கமலா மில்ஸ் வளாகத்து உணவகங்களில் 2017 டிசம்பரில் பரவிய தீ 14 உயிர்களைக் கொண்டது. ஆலையைச் செங்கொடி மூடியது என்போர் இந்த நிலக் கணக்கை ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை.

ஆலையூரின் அடையாளமும் தானாகக் கரைந்துவிடவில்லை. 1966இல் தோன்றிய சிவசேனை, வேலையின்மைக்குக் காரணம் தென்னிந்தியர் என்றது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழர்கள் அதன் முதல் இலக்குகளுள் அடங்குவர். பரேல் சட்டமன்ற உறுப்பினரான தோழர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் கொலையுண்டார். தொடர்ந்து நடந்த இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியைச் சிவசேனை கைப்பற்றியது. மொழி உரிமைக்காகத் தொழிலாளர் சிந்திய இரத்தத்தை, தொழிலாளரைப் பிரிக்கும் மொழிவெறியாக மாற்ற பத்தே ஆண்டுகள் போதுமாயிருந்தன. மாநிலம் அமைந்தபின் மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென இடதுசாரிகள் எண்ணி அந்தக் களத்தை விட்டு நகர்ந்தது அதற்கு வழிவிட்டது என்றே கருத வேண்டும்.

இரு நகரங்களின் வளர்ச்சிக்கும் அடியில் ஓடுவது தண்ணீர். மும்பை ஆலைகளுக்கு மின்சாரம் தருவதற்காக, புனே மாவட்டத்தின் முள்ஷிப் பள்ளத்தாக்கில் டாட்டா நிறுவனம் அணை கட்ட முனைந்தது. மாவளப் பகுதி விவசாயிகள் 1921இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர், தோற்றனர், வயல்கள் மூழ்கின. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்ட் 9 அன்று, பவனா அணை நீரைக் குழாய்வழியே பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்குக் கொண்டுசெல்வதை எதிர்த்து அதே மாவளத்தின் விவசாயிகள் மும்பை-புனே விரைவுச்சாலையை மறித்தனர். போலீஸ் சுட்டது, மூவர் இறந்தனர். அன்று கேட்ட நகரம் மும்பை, இன்று கேட்பது புனே. கொடுப்பவர் மட்டும் மாறவில்லை. அதே முள்ஷி வட்டத்தில் பணக்காரர்களுக்காகத் தொடங்கப்பட்ட லவாசா மலைநகரம் திவால் நடவடிக்கையில் முடிந்தது தனிக்கதை.

இன்று சாக்கனிலும் ரஞ்சன்காவிலும் உள்ள கார், உதிரிபாக ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளரும் 'பயிற்சியாளர்' என்னும் பெயரில் இளைஞரும் அதே வேலையைச் செய்கின்றனர், வேறு கூலிக்கு. மராத்வாடா, விதர்பா, பீகார், உத்தரப்பிரதேசம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். பஜாஜின் சாக்கன் ஆலையில் 2013இல் 50 நாள் நடந்த வேலைநிறுத்தம் கோரிக்கை நிறைவேறாமல் முடிந்தது. 2019, 2020 ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த கால வேலையைச் சட்டபூர்வமாக்கியுள்ளன. அங்கே 'வெளியார்' என்னும் முழக்கம் மீண்டும் எழுந்தால், பரேலில் நடந்தது சாக்கனிலும் நடக்கும். எனவே சங்கத்தின் துண்டறிக்கை மராட்டியோடு இந்தியிலும் வர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு உறுப்பினர் சீட்டு முதலில் கிடைக்க வேண்டும்.

முள்ஷி ஏரியின் நீர் இன்றும் மேற்கே பீரா மின்நிலையத்தின் வழியாகக் கொங்கணத்துக்கு இறங்குகிறது. அதைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை புனே வட்டாரத்தில் வலுத்து வருகிறது. திருப்பப்பட்டால் அது ஆலைக்கா, அடுக்கு மாடிக்கா, மாவளத்து வயலுக்கா என்று விவசாயிகள் சங்கம் இப்போதே கேட்டாக வேண்டும்.