வீடியோ விளையாட்டைத் தனித்தும் இருவராயும் ஆக்குதற்கு வேண்டும் திறன்கள்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதருக்கும் வீடியோ விளையாட்டிற்கும் யாது தொடர்பு என்று தாங்கள் வியத்தல் கூடும். சென்ற கூட்டம் முடிந்து இலை போட்டிருந்த சமயத்தில் உறுப்பினர் ஒருவர் எம்மை அணுகி, தம் புதல்வன் பட்டம் பெற்றும் வேலை தேடாது, வீட்டிலிருந்தே விளையாட்டு ஒன்று ஆக்கப் போவதாகச் சொல்லுகின்றான் என்றும், இது பித்தோ பிழைப்போ என்றும் வினவினார். அன்று யாம் விடை கூறிற்றிலேம். எம் மாணாக்கரிடம் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்தவற்றை இன்று கூறுகின்றோம்.

வீடியோ விளையாட்டென்பது நான்கு கலைகளின் கூட்டு. கணிப்பொறியை ஏவும் நிரல், கண்ணுக்கு ஓவியம், செவிக்கு இசை, கதைக்கு உரை என்பன அவை. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் சம்பளம் பெற்று இவற்றைப் பகிர்ந்து செய்கின்றனர். நான்கையும் ஒருவரே செய்து முடித்ததும் உண்டு. அமெரிக்க நாட்டினரான எரிக் பரோன் என்பார், கணிப்பொறிப் பட்டம் பெற்றும் வேலை கிட்டாமையின், பயிற்சியாக ஒரு வேளாண்மை விளையாட்டைத் தொடங்கினார். ஏறக்குறைய நான்கரை ஆண்டு உழைத்தார். தாம் வரைந்த முகங்கள் மனத்திற்கு ஒவ்வாமையின் பன்முறை அழித்து வரைந்தார். 'ஸ்டார்டியூ வேலி' என்னும் அவ்விளையாட்டு 2016 பிப்ரவரியில் வெளிவந்து, நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளது. இவ்வெண்ணைக் கேட்டு மகிழும் பெற்றோர் மற்றொன்றையும் கேட்டல் வேண்டும். அவ்வாண்டுகளில் அவர் ஒரு நாடக அரங்கில் வருவோர்க்கு இருக்கை காட்டும் வேலையும் பார்த்தார்; அவர்தம் துணைவியின் ஊதியமும் குடும்பத்தைத் தாங்கிற்று.

நான்கும் கைவந்தார் அரியர். பரோனைச் சுட்டி இளைஞரை ஏவுதல் தகாது என்பதே எம் கருத்து. எமக்கு உவப்பானவர் டோபி ஃபாக்ஸ் என்னும் இசைவல்லார். 2015-இல் வெளிவந்த இவரது 'அண்டர்டேல்' விளையாட்டின் போர்க்காட்சிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைந்த எளிய உருவங்களே. ஓவியத்திற்கு டெம்மி சாங் என்பாரின் துணையைக் கொண்டார். இசையும் நகைச்சுவை மிக்க உரையாடலும் அவர்க்கு இயல்பாக வந்தன. விளையாட்டின் பாரம் முழுவதையும் அவற்றின் மேலேயே ஏற்றினார்.

இன்னும் பழைய சான்று ஒன்று கேண்மின். 1984-இல் மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியற் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் என்பாரிடம் இருந்த 'எலெக்ட்ரானிக்கா 60' என்னும் பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே இல்லை. அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து வைத்துச் சதுரங்களாகக் காட்டினார். அவர் மனத்தில் இருந்த பழைய புதிரில் ஐந்து சதுரம் கூடிய உருவங்கள் பன்னிரண்டு. அவை மிகையென்று கண்டு, நான்கு சதுரம் கூடிய ஏழு உருவங்களாகக் குறைத்தார். அதுவே உலகம் அறிந்த 'டெட்ரிஸ்'.

இக்குறைக்கும் திறனையே யாம் தலையாயதாகக் கொள்ளுகின்றோம். எம் மாணாக்கன் ஒருவன் தன் விளையாட்டுத் திட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கொணர்ந்தான். முப்பது ஊர்கள், இருநூறு ஆயுதங்கள், வண்ணந்தீட்டிய நிலப்படம்! மூன்று திங்கள் கழித்து வினவினோம். கதாநாயகன் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை என்றான். வெண்பாவுக்கு ஈற்றடி வாய்க்கப் பெறாதான் காப்பியத்திற்குக் கால்கோள் இடுதல் போன்றது இது. அகலக்கால் வைத்தல் வேறு எத்தொழிலினும் இத்தொழிலில் கொடிது. இடித்துரைக்கும் மேலாளர் ஒருவரும் அருகில் இல்லையன்றோ?

அடுத்து வேண்டுவது, ஆடுவோன் கையை அறிதல். 'செலஸ்ட்' என்னும் மலையேறும் விளையாட்டில் பாறை விளிம்பைக் கடந்து கால் வெறுவெளியில் பட்ட பின்னரும், பத்தில் ஒரு நொடி வரை குதிக்க இடந்தரப்படுகின்றது. இயற்கை விதிப்படி இது பிழை. ஆனால் ஆடுவோன் தான் விளிம்பிலேயே குதித்ததாக நம்புகின்றான். அச்சலுகை இல்லையேல் பொறியைச் சினந்து எழுந்து போவான். இதனை அறிதற்கு வழி ஒன்றே. பிறர் கையில் விளையாட்டைக் கொடுத்து, வாய் திறவாது அருகிருந்து பார்த்தல் வேண்டும். 'இங்கே அழுத்து' என்று சொல்ல நா துடிக்கும், அடக்குதல் அரிது.

அந்தச் 'செலஸ்ட்' விளையாட்டும் முதலில் மேடி தோர்சன், நோயல் பெர்ரி என்னும் இருவர் நான்கே நாளில் ஆக்கிய சிறு விளையாட்டுத்தான். 2018-இல் வேறு சிலரும் சேர்ந்து விரிந்த வடிவில் வெளிவந்தது. இருவராய்ச் செய்வோர்க்குப் பங்கு தெளிவாதல் நன்று. 2010-இல் 'சூப்பர் மீட் பாய்' ஆக்கிய இருவருள் எட்மண்ட் மக்மில்லன் கலிபோர்னியாவிலிருந்து வரைந்தார். டாமி ரெஃபினெஸ் வட கரோலினாவிலிருந்து நிரல் எழுதினார். இசைக்குப் பிறர் ஒருவரை அமர்த்திக்கொண்டனர். நண்பர் இருவர் கூடுமிடத்து, வரவில் பங்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிடுக என்று சொல்லுவோம். உறவினராயின் இருமுறை எழுதுக!

இனி, உறுப்பினர் கேட்ட வினா. முதலீடு பணமன்று. 'கோடோ' போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடியில் ஒரு விளையாட்டை இடுதற்குக் கட்டணம் நூறு டாலர். விற்பனையில் நூற்றுக்கு முப்பது பொதுவாக அங்காடிக்குச் செல்லும். ஆண்டுதோறும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட புது விளையாட்டுகள் அங்கே வந்து குவிதலின், பெரும்பாலனவற்றை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செலவாவது காலமே. ஆதலின் அப்புதல்வர் ஒரு வேலையில் அமர்ந்து, மாலை வேளைகளில் இதனைச் செய்வாராக. முதலாவது விளையாட்டை இரண்டு நாளில் முடிப்பாராக. 2002 முதல் நடந்துவரும் 'லூடம் டேர்' போட்டியில், தனியொருவர் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டை ஆக்கி முடிக்கின்றனர்.

செயலாளர் அவர்கள் ஞாயிறுதோறும் நூல்நிலைய அறையைத் திறந்து வைக்க இசைந்துள்ளார்கள். ஆக்குவோர், ஆடவராயினும் பெண்டிராயினும், முடிந்த விளையாட்டுடன் அங்கு வருக. யாமே முதலில் ஆடுவோம். எம் கைக்கு இவ்விளையாட்டுகள் சிறிதும் பழகாதன. ஆகலின் சோதனைக்கு மிகவும் ஏற்றவர் யாமே.