தங்கையின் குறிப்பேடு



பெற்றோரைப் பேணுதல் மக்களின் கடமை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்தவன் நான். ஆயினும் அக்கடமையின் பாரம் எத்தகையது என்பதை எனக்குக் கற்பித்தவள் என் தங்கையே.

1988ஆம் ஆண்டில் என் தந்தையார் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் வீழ்ந்தார். அன்னையாருக்கோ முன்னரே கண்பார்வை போய்விட்டது. தமையனாரும் நானும் வெளியூரில் பணியாற்றினோம். கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு இருவரையும் பேணியவள் தங்கை. நானோ, பள்ளிக்கு ஆய்வாளர் வருவது போல மாதம் ஒருமுறை வருவேன். “மருந்து ஏன் தவறியது? அனுப்பிய பணம் என்னவாயிற்று?” என்று வினவிவிட்டு மாலை வண்டியில் திரும்பிவிடுவேன்.

இரண்டாண்டு சென்றபின், ஒருநாள் அவள் மறுமொழி கூறாமல் ஒரு குறிப்பேட்டை என் கையில் தந்தாள். படுக்கைப்புண் வராதிருக்க, இரவிலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை தந்தையாரைப் புரட்டிப் படுக்கவைத்த விவரம், மருந்து, செலவு யாவும் அதில் இருந்தன. “அண்ணா, கோடை விடுமுறையில் பத்து நாள் நீங்கள் இருந்து பாருங்கள்” என்றாள்.

இருந்தேன். மூன்றாம் இரவு, கஞ்சி ஆறிவிட்டதென்று தந்தையார் கிண்ணத்தைத் தட்டிவிட்டு என்னை ஏசினார். என் கை ஓங்கியது. மறுகணமே நடுங்கித் தாழ்ந்தது. இத்தகைய இரவுகளோடு என் ஏச்சையும் அவள் தாங்கியிருந்தாள் என்பதை எண்ணி வெட்கினேன்.

பத்தாம் நாள் அவள், “பாராட்டு வேண்டாம் அண்ணா, மாதத்தில் ஒரு வாரம் எனக்கு ஓய்வு வேண்டும்” என்றாள். அவ்வாரத்திற்கு ஓர் உதவியாளரை அமர்த்தி, அச்செலவை நான் ஏற்றேன். தமையனார் இறுதிவரை இணங்கவில்லை. அவரைத் திருத்த முயன்று எங்கள் வலுவை இழக்கவில்லை. தங்கை அஞ்சல்வழியில் படித்துப் பட்டம் பெற்றாள்.

உங்களுள்ளும் சிலர் இத்தகைய இல்லங்களிலிருந்து வரக்கூடும். குறைகூறுவோருடன் வாதிடாதீர்கள், செய்ததை எழுதி வையுங்கள். இன்ன நாளில் இன்ன உதவி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அடியையும் வசையையும் தாங்குவதே பொறுமை என்று கருதாதீர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணும் பொறுப்பை மகன், மகள் இருவர்க்கும் பொதுவாக்கியுள்ளது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர், கடமை தவறும் பிள்ளையிடமிருந்து தீர்ப்பாயத்தின் வழியே பராமரிப்புத் தொகை பெறலாம். முதியோர் உதவிக்கு 14567, பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு 1098, மனம் தளர்ந்தோர்க்கு 14416 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன.

நாளை நீங்களும் வெளியூரிலிருந்து வரும் அண்ணனாகவோ அக்காளாகவோ ஆகலாம். அன்று, கேள்வி கேட்குமுன் ஓர் இரவு விழித்திருந்து பாருங்கள்.